சிம்லிபாலின் கறுப்புப் புலிகள்: தேர்வா, தற்செயலா?

காட்டுப்பூனை, 3 ஜனவரி 2025

ஜீனத் என்ற பெண்புலியை வங்காளத்தில் பிடித்து மறுபடி ஒடிசாவுக்குக் கொண்டுவந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்தச் சிம்லிபால் காட்டில் புலிகள் கறுப்பாகிக்கொண்டு வருகின்றன. அடர்ந்த காடு, வெளிச்சம் குறைவு, கறுப்பாக இருந்தால் மானுக்குத் தெரியாது. இயற்கைத் தேர்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? அப்படியிருக்க, மகாராஷ்டிராவிலிருந்து சாதாரணப் புலியைக் கொண்டுவந்து கலந்து அந்தத் தகவமைப்பை ஏன் கெடுக்கிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விலங்கியல் வாத்தியார், 3 ஜனவரி, இரவு

நல்ல உதாரணம்தான், ஆனால் இயற்கைத் தேர்வுக்கு இல்லை. தேர்வே நடக்காமல் ஒரு விலங்குக் கூட்டம் எப்படி மாறிப்போகும் என்பதற்கு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒன்று. அந்தப் புலிகள் கறுப்பு இல்லை. வரிகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதால் தூரத்தில் கறுப்பாகத் தெரிகின்றன. இடையிடையே மஞ்சள் கீற்று தெரியும். சிறுத்தையில் கறுப்பு வருவது வேறு கதை, வேறு மரபணு.

4 ஜனவரி

சில வருடங்களுக்கு முன் மாணவர்களை வண்டலூருக்கு அழைத்துப் போனபோது இந்த வகைப் புலி ஒன்றைப் பார்த்தோம். 2010இல் அங்கேயே இப்படிக் குட்டி பிறந்து செய்தியாக வந்தது. ஒரு பையன் கேட்டான்: "சார், யாராவது பெயிண்டைக் கொட்டிட்டாங்களா?" இன்னொருத்தி, "இல்லடா, அம்மா வயித்துல இருந்தப்போ கிரகணம் வந்திருக்கும்" என்றாள். அன்றைக்கு என்னிடமும் சரியான பதில் கிடையாது. அதைவிட நல்ல பதில் 2021இல்தான் எல்லோருக்கும் கிடைத்தது.

பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் உமா ராமகிருஷ்ணன் குழு, வினய் சாகர் முன்னின்று செய்த வேலை அது. முதலில் பூங்காப் புலிகளின் குடும்ப மரத்தை எடுத்தார்கள். வண்டலூர், புவனேசுவர் பக்கத்திலிருக்கும் நந்தன்கானன், ராஞ்சி. எந்தப் பெற்றோருக்கு எப்படிப்பட்ட குட்டி என்ற பதிவு பூங்காக்களில்தான் இருக்கும், காட்டில் அதை யார் எழுதி வைப்பார்? குடும்ப மரத்தையும் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டபோது டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. அந்த மரபணு தரும் புரதத்தில் 454ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டைரோசின். அவ்வளவுதான் வித்தியாசம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு மாறிய பிரதியும் சேர்ந்தால்தான் வரி அகலும். ஒன்று மட்டும் இருந்தால் சாதாரணப் புலி, ஆனால் உள்ளே சுமந்துகொண்டிருக்கும்.

இதே மரபணு வேறு விதமாகப் பழுதானால் வீட்டுப் பூனையில் கோடுகள் சுருள் சுருளாகக் கலங்கும், ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியில் புள்ளிகள் பட்டைகளாகச் சேரும். அது 2012லேயே தெரிந்த விஷயம்.

பிறகு காட்டுக்குப் போனார்கள். புலியைப் பிடிக்காமல் எச்சம், முடி, எச்சில் என்று கிடைத்ததை வைத்துச் சோதனை. சிம்லிபாலில் 12 புலிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, ஆக 24. அதில் மாறிய வடிவத்தின் பங்கு 0.58, அதாவது 14 பிரதி. சரி, மற்ற காடுகளில்? 395 புலிகளைப் பார்த்தார்கள். ஒன்றில்கூட இல்லை.

அந்தக் கடைசி எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். இருட்டுக் காட்டில் மறைய உதவும் குணம் என்றால், இந்தியாவில் இருட்டுக் காடு சிம்லிபால் ஒன்றுதானா?

4 ஜனவரி, மாலை

"அப்போ டார்வின் சொன்னது பொய்யா?" என்று ஒருவர் வந்துவிட்டார். இந்தக் கேள்வி வராத விவாதத்தை நான் பார்த்ததே இல்லை. பொய் இல்லை ஐயா. தேர்வு ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று டார்வினும் சொல்லவில்லை.

6 ஜனவரி

மலைத்தேன் என்பவர் கேட்டிருக்கிறார்: தேர்வு இல்லையென்றால் ஒரு வடிவம் எப்படி 58 விழுக்காட்டுக்கு வரும், தானாகவா?

தானாகத்தான். பத்தாம் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். துணிப்பையில் 10 சிவப்புப் பாசிமணி, 10 கறுப்புப் பாசிமணி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும், நிறத்தை எழுத வேண்டும், திரும்பப் போட வேண்டும். இப்படி 20 தடவை. 11 சிவப்பு, 9 கறுப்பு வந்தால் அடுத்த தலைமுறைப் பையில் 11 சிவப்பும் 9 கறுப்பும். மறுபடி 20 தடவை. சிவப்புக்கோ கறுப்புக்கோ எந்த அனுகூலமும் கிடையாது. ஆனாலும் மணி அடிக்கும்போது ஒரு குழுவின் பையில் 15 கறுப்பு இருக்கும், இன்னொன்றில் 14 சிவப்பு, என்றைக்காவது ஒரு குழுவில் ஒரே நிறம்தான் மிஞ்சியிருக்கும். ஒரு நிறம் முழுசாகப் போய்விட்டால் அப்புறம் எத்தனை தடவை கைவிட்டாலும் அது திரும்பி வராது. 200 மணி போட்ட பையில் பாருங்கள், ஆடி அசைந்து நூறு பக்கத்திலேயே நிற்கும்.

ஒவ்வொரு வருடமும் ஒரு பையன் எட்டிப் பார்த்துச் சிவப்பையே எடுப்பான். அவனை நான் திட்டுவதில்லை. அவன்தான் அடுத்த பாடம், இயற்கைத் தேர்வு.

பாடப்புத்தகக் கணக்கும் எளியதுதான். இனப்பெருக்கத்தில் உண்மையில் பங்கெடுக்கும் விலங்குகள் N என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுப் பன்மையில் 1/2N பங்கு கரையும். N பத்து என்றால் 5 விழுக்காடு. பத்துத் தலைமுறையில் மிஞ்சுவது ஏறக்குறைய 60 விழுக்காடு. புலிக்கு ஒரு தலைமுறை ஐந்து வருடம் என்று வைத்தாலும் ஐம்பது வருடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

முக்கியமான வரி இனிமேல்தான். ஒரு குணம் தரும் அனுகூலம் அந்த 1/2N அளவைத் தாண்டினால்தான் தேர்வு அதைப் பிடித்து இழுக்க முடியும். ஒரு லட்சம் பூச்சி இருக்கும் இடத்தில் நூற்றில் ஒரு பங்கு அனுகூலமே போதும், நிச்சயம் வேலை செய்யும். பத்துப் புலி இருக்கும் காட்டில் நூற்றில் இரண்டு பங்கு அனுகூலம் இருந்தாலும் அது இல்லாத மாதிரிதான். எந்தப் புலி கண்ணியில் சிக்கியது, எந்தக் குட்டி வெள்ளத்தில் போனது என்ற விஷயங்கள் அதை மூழ்கடித்துவிடும். நல்ல வடிவம் தொலையும், கெட்ட வடிவம் பரவும்.

அதனால்தான் விலங்கின் நிறத்தையோ கொம்பையோ காட்டி "இது எதற்கு?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது: அங்கே எத்தனை இருக்கின்றன?

7 ஜனவரி

ஒரு சின்னக் கணக்கு, போன குறிப்பில் விட்டுப்போனது. 0.58ஐ 0.58ஆல் பெருக்கினால் 0.336. அதாவது இணை சேர்வது தாறுமாறாக நடந்தால் மூன்றில் ஒரு புலிக்கு இரண்டு மாறிய பிரதியும் இருக்க வேண்டும். தானியங்கிக் கேமராவில் கண்டது 37 விழுக்காடு. எச்சத்தில் எடுத்த எண்ணும் கேமராவில் எடுத்த எண்ணும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பனிரெண்டாம் வகுப்பில் இந்தக் கணக்கின் பெயரான ஹார்டி வெயின்பெர்க் என்றாலே கொட்டாவி விடும் பிள்ளைகள் இதைப் போட்டுக் காட்டினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

9 ஜனவரி

தேர்வுக்கு உண்மையான உதாரணம் கொடுங்கள் என்கிறார் காட்டுப்பூனை. பழைய உதாரணமே போதும், இங்கிலாந்தின் மிளகுப்புள்ளி அந்துப்பூச்சி. 1848இல் மான்செஸ்டர் பக்கம் கறுப்பு ஒன்று பதிவானது. 1895க்குள் அங்கே 98 விழுக்காடு கறுப்பு. தொழிற்சாலைக் கரியில் மரப்பட்டை கறுத்துப்போனதால் வெள்ளைப் பூச்சி பறவைக்கு எளிதில் தெரிந்தது. 1956இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது, புகை குறைந்தது, கறுப்பும் இறங்கியது. லிவர்பூல் பக்கத்து வெஸ்ட் கிர்பியில் 1959இல் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்த கறுப்பு, 1990களின் நடுவில் 20க்கும் கீழே.

இதில் தற்செயலுக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்கிறோம்? பூச்சிகள் எண்ணிலடங்காதவை. புகை இருந்த ஊர்தோறும் ஏறியது. புகை போன ஊர்தோறும் இறங்கியது. சூழலோடு சேர்ந்து நடக்கிறது, சூழல் திரும்பினால் இதுவும் திரும்புகிறது. தேர்வு நடந்த இடத்தில் இப்படிப்பட்ட தடயம் கிடைக்கும். சிம்லிபாலில் அந்தத் தடயம் எதுவும் இல்லை.

இந்தப் பூச்சிக் கணக்கை முதலில் போட்டவர் ஆங்கிலேய மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1924இல். அவ்வளவு வேகமாகப் பரவ வேண்டுமானால் கறுப்புப் பூச்சி வெள்ளையைவிட ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்றார். அப்போது நம்ப யாருமில்லை, அவ்வளவு கடுமையான தேர்வா என்று. ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கு வந்தார், முதலில் கல்கத்தா, பிறகு புவனேசுவர். இந்தியக் குடிமகனாகி 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரில் இறந்தார். உடலை மருத்துவ மாணவர்களுக்கென்று எழுதி வைத்திருந்ததால் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. வேட்டி ஜிப்பாவில் அவர் இருக்கும் படத்தைத் தேடிப் பாருங்கள், நம்ம ஊர்த் தமிழாசிரியர் மாதிரி இருப்பார். கறுப்புப் பூச்சிக்குக் கணக்குப் போட்டவர் கடைசியில் குடியேறிய மாநிலத்திலேயே கறுப்புப் புலி! 1993இல் சிம்லிபால் ஓரத்துப் பொடகடா கிராமத்தில் ஒரு பையன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அம்பெய்து கொன்ற பெண்புலிதான் இந்த வகைக்கு முதல் உறுதியான சான்று என்பார்கள். இன்னும் முப்பது வருடம் இருந்திருந்தால் மனுஷன் என்ன எழுதியிருப்பாரோ.

பேச்சு எங்கோ போய்விட்டது.

10 ஜனவரி

நீலகிரியிலிருந்து ஒரு நண்பர்: "கோத்தகிரி தேயிலைத் தோட்டத்தில் கருஞ்சிறுத்தை உலவுகிறதே, அதுவும் தற்செயல்தானா?"

அங்கே என் பதில் வேறு. கருஞ்சிறுத்தை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல இடங்களில் தோன்றுகிறது. ஈரமான காடுகளில் அதிகம், வறண்ட திறந்தவெளியில் குறைவு. மலாய்த் தீபகற்பத்தின் தென்பகுதியில் ஏறக்குறைய எல்லாச் சிறுத்தையும் கறுப்பு. ஒரே போக்கு பல இடங்களில் தனித்தனியாகத் திரும்ப வந்தால் தேர்வைச் சந்தேகிக்கலாம். (மலாயாவில் தற்செயலும் கைகொடுத்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு.) புலியில் ஒரே ஒரு இடம். அதுவும் சுற்றிலும் வேறு புலிக் கூட்டமே இல்லாத இடம்.

13 ஜனவரி

இரண்டு நாளாக யோசித்ததில் நான்காம் தேதிக் குறிப்பில் ஒரு முக்கியமான சான்று வராமல் போனது தெரிந்தது. அது இல்லாமல் என் வாதம் பாதிதான்.

சிம்லிபால் புலிக்கும் மற்ற புலிக்கும் அந்த ஒரு மரபணு இடத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்தார்கள். நிறைய வித்தியாசம். ஆனால் மரபணுத் தொகுதியின் மற்ற இடங்களை அளந்தாலும் அதேபோல்தான் விலகி நிற்கின்றன. அந்த ஓர் இடம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியவில்லை. தேர்வு ஒரு மரபணுவைப் பிடித்து இழுத்திருந்தால் அது மட்டும் கூட்டத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். இங்கே கூட்டமே மொத்தமாக நகர்ந்திருக்கிறது. ஒருசில புலிகளிலிருந்து தொடங்கி, அப்புறம் துண்டிக்கப்பட்டுப்போன காட்டில் நடப்பது இது. கணினியில் ஓட்டிப் பார்த்தும் அதற்குப் பொருந்தியே வந்தது.

ஆனாலும், அந்த ஆய்வு தேர்வு அறவே இல்லை என்று நிரூபித்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்வு இல்லாமலேயே இதை விளக்கிவிட முடியும் என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. அடர்காட்டில் இந்த வரிக்குச் சின்ன அனுகூலம் இருக்கலாம். இருந்தாலும் இத்தனை குறைவான புலிகளில் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது கஷ்டம்.

13 ஜனவரி, இரவு

மலைத்தேன் கொக்கி போட்டுவிட்டார். ஒடிசா வனத்துறையின் 2023–24 கணக்கெடுப்பில் சிம்லிபாலில் 27 வளர்ந்த புலி, அதில் 13 கறுப்பு. அதாவது 48 விழுக்காடு. "37இலிருந்து 48. ஏறுகிறது பாருங்கள், தேர்வுதான்."

கணக்கை முழுசாகப் போடலாம். 0.48க்கு வர்க்கமூலம் 0.69. ஆக மாறிய வடிவம் 0.58இலிருந்து 0.69க்கு ஏறியதாகத் தெரிகிறது. ஆனால் அந்த 0.58 வெறும் 24 பிரதியிலிருந்து வந்தது. அவ்வளவு சின்ன மாதிரியில் பிழை எல்லை கூடக்குறைய 0.2. உண்மை மதிப்பு 0.38ஆகவும் இருக்கலாம், 0.78ஆகவும் இருக்கலாம். 0.69 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஏறியதா என்பதே உறுதியில்லை, ஏறியிருந்தால் ஏன் என்பது அதற்கப்புறம். பாசிமணிப் பையிலும் ஒரே தலைமுறையில் 12இலிருந்து 14க்குப் போகும்.

நாளைக்குப் பொங்கல். கரும்பு வாங்கப் போக வேண்டும். புலி காத்திருக்கட்டும்.

17 ஜனவரி

இப்போது காட்டுப்பூனையின் இரண்டாவது கேள்வி: வெளிப்புலியை ஏன் கொண்டுவருகிறார்கள்.

2024 அக்டோபர் கடைசியில் ஜமுனா, நவம்பரில் ஜீனத், இரண்டும் மகாராஷ்டிராவின் தடோபா காட்டிலிருந்து வந்த பெண்புலிகள். நோக்கம் மரபணுப் பன்மையைக் கூட்டுவது. ஜீனத்துக்குப் புது இடம் பிடிக்கவில்லை. டிசம்பரில் ஜார்க்கண்ட், அங்கிருந்து மேற்கு வங்கத்தில் ஜார்கிராம், புருலியா, பாங்குரா என்று நடந்துகொண்டே இருந்தது. 29ஆம் தேதி பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கொல்கத்தாவின் அலிப்பூர் பூங்கா வழியாக ஊர் திரும்பியது. ஒரு பெண்புலி மூன்று மாநிலம் நடந்தது எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. எனக்கு அதில் தெரிந்தது வேறு. சிம்லிபாலிலிருந்து வெளியே நடந்தால் புலி போய்ச் சேர வேறு புலிக்காடு பக்கத்தில் இல்லை. உள்ளே வரவும் யாருமில்லை. முன்பெல்லாம் புலிகளே நடந்து செய்த வேலையைத்தான் இப்போது லாரியில் ஏற்றிச் செய்கிறோம்.

இதே ஒடிசாவில் 2018இல் சத்கோசியா புலிக்காட்டுக்கு மகாவீர், சுந்தரி என்ற இரண்டு புலிகளை மத்தியப் பிரதேசத்திலிருந்து கொண்டுவந்தார்கள். சில மாதத்தில் மகாவீர் வேட்டைக் கண்ணிக் காயத்தில் செத்தது. சுந்தரி ஆட்களைத் தாக்கியதாக ஊர் கொதித்து, அதை அடைத்துவைத்து, 2021இல் திருப்பி அனுப்பினார்கள். ஊர்க்காரர்களைக் கேட்காமல் செய்தால் எந்த மரபணுக் கணக்கும் நிற்காது. இதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை.

வேலை செய்த உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைச்சிங்கம் எனப்படும் பூமா இருபது முப்பதாகக் குறைந்து, வால் வளைந்து, இதயத்தில் ஓட்டை, ஆண்களில் விதை இறங்காத கோளாறு என்று நொந்துபோயிருந்தது. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களை விட்டார்கள். ஐந்துதான் குட்டி போட்டன. அதுவே போதுமாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் எண்ணிக்கை மூன்று மடங்கு, கோளாறுகளும் குறைந்தன.

வளைந்த வாலைப் பார்த்து "ஃபுளோரிடாவுக்கு ஏற்ற தகவமைப்பு" என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் காட்டுப்பூனை கவனிக்க வேண்டும். அகன்ற வரி அழகாக இருப்பதால் சொல்கிறோம். ஒடிசா அரசு 2024 ஜனவரியில் பாரிபதா பக்கத்தில் கறுப்புப் புலி சஃபாரி என்றே அறிவித்துவிட்டது. சுற்றுலாவுக்கு நல்லதுதான். டிக்கெட் வாங்கினால் நானும் போவேன்.

18 ஜனவரி

நேற்று எழுதியது ஏதோ வெளிப்புலியைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல இருக்கிறது. படித்துப் பார்த்தபோது எனக்கே உறுத்தியது. எதிர்த்தரப்பையும் எழுதிவிடுகிறேன்.

அமெரிக்கப் பெரிய ஏரியொன்றில் ஐல் ராயல் என்று தீவு. அங்கே ஓநாய்கள் உள்ளினப்பெருக்கத்தில், அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்வதில், தத்தளித்தன. 1997இல் உறைந்த பனிமேல் நடந்து கனடாப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் ஓநாய் வந்தது. நன்றாகக் குட்டிகள் விட்டது. கொஞ்ச காலத்தில் தீவு ஓநாய்களில் பாதிக்குமேல் அதன் ரத்தம். பிறகு? எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். மறுபடி உள்ளினப்பெருக்கம். 2016க்குள் மிஞ்சியவை இரண்டு.

காரணம் ஒன்று யோசிக்கத்தக்கது. பெரிய கூட்டத்தில் கெடுதலான வடிவங்கள் ஏராளமாக ஒளிந்திருக்கும். ஒற்றைப் பிரதியாக இருப்பதால் வெளியே தெரியாது, தேர்வின் கண்ணிலும் படாது. சின்னக் கூட்டத்தில் அவை இரட்டையாகி வெளியே வரும், சுமந்தவை சாகும், அந்த வடிவமும் போகும். அதாவது களையெடுப்பு. ராஜஸ்தானின் ரந்தம்போர் புலிகளில் இதே உமா ராமகிருஷ்ணன் குழு, அதே 2021இல் வேறோர் ஆய்வில் இதைக் கண்டது. தனித்துப்போன ரந்தம்போர் புலியில் கெடுதலான வடிவங்களின் மொத்த எண்ணிக்கை, பெரிய கூட்டங்களின் புலியைவிடக் குறைவு. தேர்வு அங்கே தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் தப்பி நின்ற கெடுதல்கள் பரவலாகிவிட்டன, பல புலிகளில் இரட்டைப் பிரதியாக உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே சின்னக் கூட்டத்தில் தேர்வே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையான கெடுதலைப் பத்துப் புலி இருந்தாலும் தேர்வு பிடிக்கும். மிதமான கெடுதல், மிதமான நன்மை இரண்டும்தான் நழுவிப்போகும். ஆறாம் தேதிக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் புரியும்.

வெளிப்புலி வேண்டுமா என்றால், வேண்டும். ஒரே ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. பல தலைமுறைக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. இல்லையென்றால் ஐல் ராயல் கதைதான்.

19 ஜனவரி

"மனுஷனுக்கு இதெல்லாம் பொருந்துமா சார்?" பொருந்தும். இந்தியாவில் நன்றாகவே பொருந்தும்.

என் நண்பருக்குச் சென்னையில் குடலிறக்க அறுவை நடந்தபோது கூட இருந்தேன். மயக்க மருத்துவர் வந்து, குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் தெளிய நேரமாகியிருக்கிறதா என்று கேட்டார். நண்பர் வைசியச் செட்டியார் குடும்பம். சாதியைக் கேட்கிறாரோ என்று நண்பரின் மகனுக்கு முகம் சுருங்கியது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்ச்சி மருந்தை உடைக்கும் நொதி சிலருக்கு வேலை செய்யாது. மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் விலகும் தளர்ச்சி இவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும், தானாக மூச்சுவிட முடியாது. வைசியர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட 100 மடங்கு அளவுக்கு அதிகம். தெரிந்துவிட்டால் வேறு மருந்து, பிரச்சினையே இல்லை.

ஏன் இவர்களிடம்? தொடக்கத்தில் சில முன்னோர், பிறகு தலைமுறை தலைமுறையாக உள்ளேயே திருமணம். அந்த முன்னோரில் ஒருவர் சுமந்த வடிவம் தற்செயலாகப் பரவிவிட்டது. இன்றைக்கு இலட்சக்கணக்கான பேர் இருக்கலாம், ஆனால் மரபணு நினைவில் வைத்திருப்பது அந்தத் தொடக்க எண்ணிக்கையை. ஹைதராபாத் சி.சி.எம்.பி. (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) விஞ்ஞானிகளும் அமெரிக்கக் குழுவும் 2017இல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தார்கள். 81 குழுக்களில் இந்தத் தொடக்கச் சுருக்கம் பின்லாந்துக்காரர்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிடக் கடுமை. பத்து இலட்சத்துக்கு மேல் ஆள் இருக்கும் குழுக்களே அதில் 14. அதனால் இது ஏதோ ஒரு சமூகத்தின் கதை இல்லை, நம் எல்லோர் வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

தேர்வு இதை ஏன் களையவில்லை? அந்த மருந்து அறுவை அரங்குக்கு வந்ததே 1950களில். அதுவரை அந்தக் குறையால் யாருக்கும் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லை இல்லாத இடத்தில் தேர்வுக்கு என்ன வேலை?

அத்தை மகள் மாமா மகன் திருமணத்தைப் பற்றி இங்கே சண்டையைத் தொடங்கிவிடாதீர்கள். அது வேறு விஷயம், தனியாகப் பேசலாம்.

22 ஜனவரி

"எதைக் காட்டினால் உங்கள் மனசு மாறும்?" காட்டுப்பூனை கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான்.

கேமராப் படங்களில் ஒவ்வொரு புலிக்கும் வரியை வைத்து அடையாளம் உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த அகன்ற வரிக் குட்டியும் சாதாரணக் குட்டியும் எத்தனை மூன்று வயதைத் தாண்டுகின்றன, எத்தனை சொந்த எல்லை பிடிக்கின்றன, எத்தனை குட்டி போடுகின்றன என்று பல வருடம் எண்ண வேண்டும். ஒரே தாயின் குட்டிகள் என்பது முக்கியம், இல்லையென்றால் தாயின் எல்லை நல்லதா கெட்டதா என்பது உள்ளே புகுந்து குழப்பும். அகன்ற வரிக்குத் தெளிவான முன்னிலை வந்தால் ஏற்றுக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய சோதனை இனிமேல் தானாகவே நடக்கும். ஜமுனாவும் ஜீனத்தும் குட்டி போட்டால் சாதாரண வடிவம் புதிதாக உள்ளே வரும், மாறிய வடிவத்தின் பங்கு உடனே இறங்கும். பிறகு அது மறுபடி சீராக ஏறுகிறதா, இல்லை அங்குமிங்கும் அலைகிறதா என்று பார்க்கலாம். ஏறினால் காட்டுப்பூனைக்கு வண்டலூர் டிக்கெட் என் செலவு. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பூங்கா விடுமுறை.